வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: மொறிஸ் மைனரின் தொழிற்சாலை இலக்கத் தகடு பற்றி

அன்பும் மதிப்பும் மிகுந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெயின்ற் வேலைக்காக எங்கள் கராஜுக்கு வந்த ஒரு மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரின் தொழிற்சாலை இலக்கத் தகட்டை நாங்கள் மாற்றிவிட்டோம் என்ற கதை சில கிழமைகளாக யாழ்ப்பாணத்தில் உலாவுகிறது. உங்களில் சிலர் நேரில் வந்து கேட்டீர்கள்; கேட்காமல் மனத்தில் வைத்திருப்பவர்களும் இருக்கலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறோம்.

அது 1955ஆம் ஆண்டின் நாலு கதவுக் கார். பேரனார் வாங்கிய நாளிலிருந்தே பச்சை என்று அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. அதே பச்சையையே திரும்ப அடிக்கச் சொன்னார்கள். பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் பூட்டியிருந்த இலக்கத் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது ‘எஃப் ஏ ஏ 21’ என்ற எழுத்துகள் தெளிந்தன. இந்த எழுத்து முறை 1952இல் தொடங்கியது. முதலில் வரும் எஃப் மொறிஸ் மைனரைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து உடலமைப்பு: ஏ என்றால் நாலு கதவு, பி என்றால் இரண்டு கதவு, எல் என்றால் பின்புறம் மரச்சட்டம் வைத்த ட்ரவலர். மூன்றாவது எழுத்துத்தான் நிறம். பச்சைக்கு ஈ, இந்தத் தகட்டில் இருந்ததோ ஏ, அதாவது கறுப்பு. அடுத்த 2, வலப்பக்க ஸ்ரேறிங்குடன் ஏற்றுமதிக்காகக் கட்டப்பட்டது என்பதையும், கடைசி 1 பூச்சின் வகையையும் சொல்கின்றன.

இதைச் சொன்னதுதான் நாங்கள் செய்த குற்றமாகிவிட்டது. அந்தக் காரை வாங்க வந்தவர், பச்சை அதன் முதல் நிறமல்ல என்று விலையைக் குறைத்துக் கேட்டதும், வேறொரு காரின் தகட்டை நாங்கள் பூட்டிவிட்டதாகப் பேச்சுக் கிளம்பியது. தகப்பனார் காலத்திலிருந்து இந்தத் தொழிலைச் செய்யும் எங்களுக்கு இதைவிடப் பெரிய வேதனை இல்லை. தகடு என்பது காரின் சாதகக் குறிப்பு. அதை மாற்றி எழுதுகிற கை எங்களுடையதல்ல. அந்தத் தகட்டைக் கழற்றியபோது அதன் கீழே, தகட்டின் அளவுக்கே நீள்சதுரமாக, மினுக்கம் குறையாத கறுப்புப் பூச்சு இருந்தது. நாலு பக்கமும் பச்சை. தகடு பூட்டியிருக்கும்போதே யாரோ முன்பு பச்சையைச் சுற்றி அடித்திருக்கிறார்கள். கதவின் உள்மட்டையைக் கழற்றி பிளேட்டால் மெல்லச் சுரண்டியபோதும் பச்சைக்குக் கீழே கறுப்பே வந்தது. கழற்றுவதற்கு முன்பு படம் எடுக்கத் தவறிவிட்டோம். இப்போது எல்லாக் கார்களுக்கும் எடுக்கிறோம். இங்கிலாந்தின் கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்திலிருந்து எங்கள் செலவிலேயே தொழிற்சாலைப் பதிவேட்டுச் சான்றிதழ் எடுத்தோம். அதிலும் நிறம் கறுப்பு என்றே உள்ளது. உரிமையாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டோம். மற்றது எங்கள் அலுவலக அறையில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் இலக்கம் காரின் ஆண்டோடு பொருந்தவில்லை என்று எவரும் மனம் வருந்த வேண்டாம். 1952இல் வந்த இரண்டாம் வரிசை மைனரின் 803 சீசீ எஞ்சினில் இலக்கம் ‘ஏ பி எச் எம்’ என்று தொடங்கும். 1956இல் வந்த 948 சீசீ எஞ்சினில் ‘ஏ பி ஜே எம்’. 1990களில் பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில், கிடைத்த எஞ்சினைப் பூட்டித்தான் நோயாளியையும் மணப்பெண்ணையும் ஏற்றினோம். அந்த மாற்றமும் காரின் வரலாறுதான். அதை மறைக்காமல், காரைப் பற்றி நாங்கள் கொடுக்கும் அறிக்கையில் எழுதுகிறோம்.

கதை பரவிய பிறகும் தங்கள் கார்களை வழமைபோல எங்களிடமே விட்டுச் சென்றவர்களுக்கும், “உங்களைத் தெரியாதா தம்பி” என்று தொலைபேசியில் சொன்ன பெரியவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. சான்றிதழுக்கு ஸ்ரேர்லிங் பவுணில் பணம் கட்ட வேண்டியிருப்பதால் அதற்கான தொகையை இனி முற்பணமாகப் பெறுவோம். தகடு வாசித்துச் சொல்வதற்கு எப்போதும்போலக் கட்டணம் இல்லை. வரும்போது பழைய பதிவுப் புத்தகமும், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கார்ப் படம் ஏதும் இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள்.

இவ்வண்ணம்,
கராஜ் உரிமையாளர்