பிள்ளை பெற்ற உடலும் அறுவை சிகிச்சைத் தொகுப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகப்பேற்றுக்குப் பின் பெண்கள் செய்துகொள்ளும் அழகியல் அறுவை சிகிச்சைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசப்படும் ஒரு பொருளை முகம் சுளிக்காமல் எழுதியதற்கு முதலில் என் நன்றி. இரண்டு குழந்தைகளைப் பெற்று, அதன்பின் வயிற்றுத் தசையைச் சீராக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவள் என்ற முறையில், அக்கட்டுரையில் பிழையாக வந்த ஒன்றையும் விடுபட்டுப்போன பலவற்றையும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் கொடுப்பதால் மார்பகம் தளர்ந்து சரிகிறது என்று கட்டுரை போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தது. மார்பக அறுவைக்காகத் தம்மிடம் வந்த தாய்மார்களின் விவரங்களை ஆராய்ந்து, அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. வயது, உடல் எடை, எத்தனை முறை கருவுற்றார்கள் என்பது, கருவுறுவதற்கு முன்பே மார்பகம் பெரிதாக இருந்தது, புகைப்பழக்கம் ஆகியவையே தளர்ச்சியோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. பால் கொடுத்தார்களா இல்லையா என்பதால் வேறுபாடு தென்படவில்லை. கருவுற்ற மாதங்களிலேயே பால் சுரப்பிகள் பெருத்து, மேல்தோலும் மார்பகத்தைத் தாங்கி நிற்கும் மெல்லிய நார்களும் நீண்டுவிடுகின்றன. பின்னர் சுரப்பிகள் சுருங்கும்போது நீண்ட தோல் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. ஒருநாள்கூடப் பால் கொடுக்காத தாய்க்கும் இது நேரும். பால் கொடுத்தால் உருக்குலைந்துவிடும் என்ற பேச்சைக் கேட்டுக் குழந்தைக்குப் பால் கொடுப்பதைப் பாதியில் நிறுத்தியவர்களை நான் அறிவேன். அந்தப் பேச்சுக்கு அச்சில் வந்த எழுத்தும் துணைபோகக் கூடாது என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இனி, விடுபட்டவற்றுக்கு வருகிறேன். என் இளைய குழந்தை பால் மறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் நான் ஓர் அழகியல் சிகிச்சை மையத்துக்குச் சென்றேன். வயிறு மட்டும் ஏன் இன்னும் ஐந்து மாதக் கர்ப்பிணியைப் போல முன்தள்ளி இருக்கிறது என்று கேட்பதே என் நோக்கமாக இருந்தது. இருபது நிமிடத்துக்குள், மார்பகத்தை உயர்த்தித் தைப்பது, அதற்குள் சிலிகான் வைப்பது, வயிற்றுத் தோலை வெட்டி இறுக்குவது, இடுப்பின் இருபுறமும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது என்று நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். 'மம்மி மேக்ஓவர்' என்பது அந்தத் தொகுப்பின் பெயர். என்னைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டவரும் இல்லை. மார்பகத்தைப் பற்றி நான் வாய்திறக்கவே இல்லை. ஆனால் அங்கிருந்து வெளியே வந்தபோது, அதுவரை எனக்கு ஒரு குறையாகத் தோன்றாத ஒன்று குறையாகத் தோன்றத் தொடங்கியிருந்தது. அன்றிரவு கண்ணாடிமுன் நின்று நான் அழுததை இன்று எழுதுவதற்கு எனக்குத் தயக்கம் இல்லை.

அந்தத் தாளில் ஒரே வரியாக எழுதப்பட்டிருந்தவை உண்மையில் நான்கு தனித்தனி அறுவைகள். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு, ஆபத்து வேறு, ஆறும் காலம் வேறு. தங்கள் கட்டுரையும் அவற்றை ஒரே மூச்சில் சொல்லிச் சென்றுவிட்டது என்பதே என் வருத்தம்.

வயிற்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளை பெற்ற வயிறு முன்தள்ளி நிற்பதற்குத் தோல், கொழுப்பு, தசை ஆகிய மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கும் இரண்டு நீண்ட தசைப்பட்டைகள், கரு வளர வளர ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அவற்றை இணைக்கும் நடுக்கோட்டு நார்ப்பகுதி மெலிந்து அகலமாகிறது. நார்வேயில் முதல் குழந்தையைப் பெறும் 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், பிரசவமான ஆறாவது வாரத்தில் நூற்றுக்கு 60 பேருக்கு இந்த விலகல் காணப்பட்டது. ஓராண்டு நிறைந்தபோது அது ஏறத்தாழ 33 பேராகக் குறைந்திருந்தது. காத்திருப்பதாலேயே பலருக்கு உடல் தானாகத் தேறிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பிரசவமான சில மாதங்களுக்குள் கத்தியைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம் என்று நல்ல மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

நான் இரண்டாவதாகச் சென்று பார்த்த பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லி, தலையைச் சற்றே தூக்கச் செய்து, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துப் பார்த்தார். நான்கு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அவர் உடனே அறுவைக்கு நாள் குறிக்கவில்லை. ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பி, அடிவயிற்றின் உள்தசைகளையும் இடுப்புத்தளத் தசைகளையும் வலுவாக்கும் பயிற்சிகளை ஆறு மாதம் செய்துவிட்டு வரச் சொன்னார். முதுகுவலி பெருமளவு குறைந்தது. இடைவெளி மூன்று விரலாகச் சுருங்கியது. ஆனால் தொப்புளருகே ஒரு சிறு குடலிறக்கம் இருப்பது ஸ்கேனில் தெரியவந்ததால், அதைச் சரிசெய்யும்போதே தசைகளையும் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலையும் எடுத்துவிடுவது என்று முடிவானது. அந்த முடிவு என்னுடையது. அதை எடுக்கத் தேவையான நேரமும் விவரமும் எனக்குத் தரப்பட்டிருந்தன.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரே வரியில், சில வாரங்களில் வழக்கமான வாழ்வுக்குத் திரும்பலாம் என்று முடித்துவிட்டது. சிறு குழந்தை உள்ள வீட்டில் அந்த வரிக்கு என்ன பொருள் என்பதைச் சொல்கிறேன். தழும்பு அடிவயிற்றில் ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்க இடுப்பெலும்புவரை நீள்கிறது; தோலைக் கீழே இழுத்துத் தைப்பதால் தொப்புளுக்குப் புதிதாக ஒரு வழி வெட்டி அங்கும் தையல் போடுகிறார்கள். சேரும் நீரை வெளியேற்ற இரு குழாய்கள் சில நாள் உடலோடு இருந்தன. முதல் ஒரு வாரத்துக்குமேல் நான் நிமிர்ந்து நடக்கவில்லை, வளைந்தபடியேதான் நடந்தேன். இறுக்கமான வயிற்றுப்பட்டியை வாரக்கணக்கில் அணிய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது ஆறு வாரத்துக்கு எடை எதையும் தூக்கக் கூடாது என்ற கட்டளை. அப்போது என் இளையவனின் எடை 12 கிலோ. கைகளை நீட்டிக்கொண்டு என்முன் நின்ற பிள்ளையை நான் தூக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபின் பிறர் கொண்டுவந்து என் பக்கத்தில் விட வேண்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பெண், அறுவையின் செலவைக் கணக்கிடும் முன் இந்த ஆறு வாரத்தைக் கணக்கிட வேண்டும். வரித்தழும்புகள் முழுவதும் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. தொப்புளுக்குக் கீழே வெட்டி எடுக்கப்படும் தோலில் உள்ளவை மட்டுமே அந்தத் தோலோடு போகும். மேலே உள்ளவை அப்படியே இருக்கும்.

இந்த அறுவைக்குப் பின் கருவுற்றால் தைத்த தசைகள் மீண்டும் விலகலாம். அதனால்தான் இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகே செய்துகொள்ளச் சொல்கிறார்கள். கால் நாளங்களில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்தும் இதில் உண்டு; எவ்வளவு விரைவில் எழுந்து நடக்கிறோமோ அவ்வளவு நல்லது. புகைப்பவர்களுக்குத் தோலின் ரத்த ஓட்டம் குறைந்து காயம் அழுகவும்கூடும் என்பதால், அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே அப்பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

மார்பகத்துக்கு வருகிறேன். உயர்த்தித் தைக்கும் அறுவையும் சிலிகான் வைக்கும் அறுவையும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் மிகப் பலர். முதலாவது, மிஞ்சிய தோலை நீக்கி, முலைக்காம்பை மேலே நகர்த்தி, இருக்கிற சதையையே திரட்டி நிறுத்துகிறது. அதனால் அளவு கூடுவதில்லை. இரண்டாவது அளவைக் கூட்டுகிறது. நன்றாகச் சரிந்துவிட்ட மார்பகத்தை அது மட்டும் நிமிர்த்துவதில்லை. எனவே தன் குறை சரிவா, மேற்பகுதி வற்றிப்போனதா என்பதைப் பெண் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சரிவு மட்டுமே குறையானால் உடலுக்குள் அந்நியப் பொருள் எதையும் வைக்க வேண்டியதே இல்லை. பால் சுரப்பு நின்று குறைந்தது மூன்று முதல் ஆறு மாதமாவது கழிந்து, உடல் எடையும் நிலைபெற்ற பிறகுதான் மார்பகத்தின் உண்மையான வடிவம் தெரியும். அதற்கு முன் அளவெடுப்பது, வற்றிக்கொண்டிருக்கும் குளத்துக்குக் கரை கட்டுவதைப் போன்றது. முலைக்காம்பைச் சுற்றி வெட்டும் அறுவைகளால் அங்கு உணர்வு குறையலாம், பின்னாளில் இன்னொரு குழந்தை பிறந்தால் பால் கொடுப்பது கடினமாகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சிலிகானைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. சிலிகான் ஜெல் நிரப்பிய மார்பக இம்பிளான்ட், அதாவது மார்பகத்துக்குள் வைக்கும் பை, முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது 1962-இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். அதன் பின்வந்த வரலாறு நேர்கோடாக இல்லை. 1992-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அழகுக்காக அதை வைப்பதை நிறுத்திவைத்து, 2006-இல்தான் மீண்டும் அனுமதித்தது. பிரான்சின் பி.ஐ.பி. என்ற நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகானை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் அதை எடுத்துவிட மீண்டும் அறுவை மேசையில் படுக்க நேர்ந்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளான்ட்டுகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் உருவாகலாம் என்ற எச்சரிக்கை 2011-இல் வந்தது. அதையொட்டி 2019-இல் அலர்கன் நிறுவனம் தன் 'பயோசெல்' வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021-இல் அதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இந்த ஆபத்துகளைப் பட்டியலிட்ட படிவம் ஒன்றை மருத்துவர் ஒவ்வொரு பெண்ணோடும் முன்கூட்டியே பேசி, அவருடைய கையொப்பத்துக்கு இடமளிக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது.

நன்றாகத் தேர்ந்தெடுத்து, நல்ல மருத்துவரிடம் வைத்துக்கொண்டு நிறைவாக வாழும் பெண்கள் ஏராளம். அவர்களை அச்சுறுத்த இவற்றை நான் எழுதவில்லை. ஆனால் இம்பிளான்ட் ஆயுளுக்கும் இருக்கும் பொருள் அல்ல என்பதைப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். உடல் அதைச் சுற்றி ஓர் உறையைத் தானாகவே உண்டாக்குகிறது. சிலருக்கு அவ்வுறை இறுகி வலியும் உருமாற்றமும் தருகிறது. ஜெல் கசிந்தால் வெளியே ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதனால்தான் சிலிகான் வைத்த ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் முதல் முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறார்கள். 34 வயதில் வைத்துக்கொள்ளும் பெண், தன் வாழ்நாளில் இன்னும் ஒரு முறையேனும் அதை மாற்றவோ எடுக்கவோ அறுவை மேசைக்குத் திரும்ப நேரும் என்று எண்ணிக்கொண்டே முடிவெடுப்பது நல்லது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது இம்பிளான்ட் இருப்பதை முன்பே தெரிவித்தால், அதை ஒதுக்கித் தனிக்கோணங்களில் படம் எடுப்பார்கள். அந்த மையத்தில் எனக்குத் தரப்பட்ட தாளில் இவற்றுள் ஒரு சொல்லும் இல்லை.

கொழுப்பு உறிஞ்சுதலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. தளர்ந்த தோலை அது இறுக்குவதும் இல்லை.

இத்தனையையும் படித்துவிட்டு, இவை தேவையற்ற வீண் ஆடம்பரம் என்று யாரேனும் முடிவு கட்டினால் அது எனக்கு உடன்பாடல்ல. மார்பகம் மிகப் பெருத்து, தோள்களில் உள்ளாடைப் பட்டை பள்ளம் பறித்து, கழுத்தும் முதுகும் நோக, மார்பின் கீழ்மடிப்பில் புண் ஆறாமல் தவிக்கும் பெண்ணுக்கு அளவைக் குறைக்கும் அறுவை ஒரு நோய்நீக்கமே. நோய் ஏதும் இல்லாமல், தன் உடல் தனக்கே அந்நியமாகிவிட்டது என்ற உணர்வோடு வருபவளையும் எள்ளி நகையாட யாருக்கும் உரிமை இல்லை. அதே வேளையில், தூக்கமின்மையும் மனச்சோர்வும் அழுத்தும் பேறுகால மாதங்களில் பிறந்த அருவருப்பா, கணவரோ உறவினரோ சொன்ன ஒரு சொல்லால் விளைந்ததா, நிதானமாக நீடித்து வந்த தன் விருப்பமா என்பதை அறிய மருத்துவர் நேரம் ஒதுக்கிக் கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை எந்தக் கத்தியும் நீக்காது.

நான்கையும் ஒரே நாளில் செய்வதில் ஒருமுறை மயக்க மருந்து, ஒருமுறை ஓய்வு என்ற வசதி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். உடல்நலம் நன்றாக உள்ள சிலருக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் அறுவையின் நேரம் நீள நீள ஆபத்தும் கூடும் என்பதால், சேர்த்துச் செய்வதா பிரித்துச் செய்வதா என்பதை ஒவ்வொரு பெண்ணின் உடலையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். விலைப்பட்டியலில் உள்ள தள்ளுபடி அதைத் தீர்மானிக்கக் கூடாது.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இப்பொருளில் அடுத்த கட்டுரையை வெளியிடும்போது, அறுவை மருத்துவரின் கருத்தோடு ஓர் இயன்முறை மருத்துவரின் கருத்தையும், அறுவை செய்துகொண்டு ஐந்தாண்டுகளேனும் கடந்த ஒரு பெண்ணின் அனுபவத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். தாய்ப்பால் குறித்த அந்த வரிக்குத் திருத்தத்தையும், அக்கட்டுரை வந்த அதே பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி