எடைச் சீட்டு கொடுங்கள்: கேம்பர் கட்டும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பிக்கப் வண்டிகளுக்குக் கேம்பர் பாடி (படுக்கை, சமையல் மேடையோடு தங்கிப் பயணிக்கும் பெட்டி) கட்டித்தரும் பட்டறைக்காரர்களுக்கு வணக்கம்.

கமான்பட்டையும் (சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் வளைந்த பட்டை) சேசிஸும் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) பழுதுபார்க்கும் எங்களிடம் இந்த மாதமும் ஒரு வண்டி வந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே மண் தடத்தில் இரண்டு நாள் ஓடித் திரும்பிய வண்டி. கேபினுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, இடப்பக்கச் சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பில் விரிசல். பெட்டிக்குள்ளே ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலும் அலமாரியும் புதுக் கருக்கு மாறாமல் இருக்கின்றன. கீழே வண்டியின் முதுகெலும்பு பிளந்து கிடக்கிறது. விரிசல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. நேரிலும் பலமுறை பேசியாகிவிட்டது. அதனால்தான் இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பாடி கட்டுவதற்கு முன்பும் கட்டி முடித்த பின்பும் வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) இரண்டுக்கும் தனித்தனியாக எடை எடுத்து, அந்தச் சீட்டைப் பில்லோடு சேர்த்து வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆர்.சி.யில் அனுமதித்த மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 900. நீங்கள் வழக்கமாகப் போடும் 40க்கு 40, 2 மி.மீ. இரும்புச் சதுரக் குழாய் மீட்டருக்கு 2.4 கிலோ; 60 மீட்டர் போட்டால் 145 கிலோ. அதன்மேல் 1.2 மி.மீ. தகடு 25 சதுர மீட்டர், 235 கிலோ. எட்டுக்கு நாலு அளவில் 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் ஏறத்தாழ 35 கிலோ. தரை, கட்டில், அலமாரி என்று எட்டு ஷீட் போனால் 280. நூறு லிட்டர் தண்ணீர் 100. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி இரண்டு, 110. சமையல் மேடைக்கு 20 மி.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டர், 54. கூட்டினால் 924. பிக்கப்பின் பழைய சரக்குத் தொட்டியைக் கழற்றினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், சரி. ஆனால் இன்னும் ஆள் ஏறவில்லை. சிலிண்டர், ஃப்ரிட்ஜ், துணிமணி, பாத்திரம், இரண்டாவது ஸ்டெப்னி எதுவும் வரவில்லை. கிரானைட் வேண்டும் என்று கேட்பவர் வாடிக்கையாளர்தான், மறுக்கவில்லை. அது எத்தனை கிலோ என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எடை கூடினால் “ரெண்டு கமான்பட்டை சேர்த்துடலாம்” என்கிறீர்கள். கமான்பட்டை சேர்த்தால் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். ஆக்ஸிலும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் பழையவைதான். விறைத்த பட்டை வளையாததால் பள்ளத்தில் சக்கரம் தூக்கிக்கொள்ளும். பட்டை வாங்க வேண்டிய முறுக்கு எல்லாம் சேசிஸுக்குப் போய்விடும். பாரத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் பாரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது. குடும்பத்தோடு மலை இறங்கும் ஒருவர் அந்தப் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறார்.

அந்த விரிசலுக்கு வருவோம். மேடுபள்ளத்தில் இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்போது சேசிஸ் துணி பிழிவதுபோல் முறுகும். முறுகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பெட்டியோ ஆறு பக்கமும் மூடியது, முறுகாது. இரண்டையும் எட்டு இடத்தில் இறுக்கிப் போல்ட் போட்டுவிட்டால், பெட்டிக்கு அடியில் சேசிஸ் அசைய முடியாமல், முறுக்கு முழுவதும் பெட்டி முடிந்து கேபின் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில் வந்து குவியும். அங்கேயே மேல் விளிம்பில் ஒரு பிராக்கெட்டை வெல்டிங்கும் வைத்திருந்தால், விரிசல் அந்த வெல்டிங் ஓரத்தில்தான் பிறக்கும். இந்த வண்டியிலும் அப்படித்தான்.

இதற்கு மருந்தும் உங்களுக்குத் தெரிந்ததே. பெட்டிக்கு அடியில், சேசிஸுக்கு மேல், தனிச் சப்ஃபிரேம் (துணைச் சட்டம்). பின்பக்கம், ஆக்ஸில் அருகே, பக்கத் தகடு வைத்து அசையாமல் பிடியுங்கள். முன்பக்கம் ஸ்பிரிங் போட்ட போல்ட். சேசிஸ் முறுகும்போது சப்ஃபிரேம் சற்று எழும்பி மறுபடி உட்காரும். சப்ஃபிரேமின் முன்முனையைச் சட்டென்று வெட்டி நிறுத்தாமல் சரிவாகச் சீவிவிடுங்கள். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் சேசிஸின் நடுத்தகட்டில், வண்டிக் கம்பெனி அனுமதிக்கும் இடத்தில் போடுங்கள். மேல் கீழ் விளிம்பில் துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். போல்ட் 8.8 கிரேடுக்குக் குறையக் கூடாது. கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே குறைந்தது 75 மி.மீ. விடுங்கள். உள்வழி வேண்டுமென்றால் மடிப்பு ரப்பர்தான், தகடு அல்ல.

சரியாக வந்திருக்கிறதா என்று பட்டறை வாசலிலேயே பார்க்கலாம். ஒரு முன்சக்கரத்தையும் எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் கட்டையில் ஏற்றி நிறுத்திவிட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு பிடித்தால் பிடிமானம் தவறு.

தண்ணீர்த் தொட்டி வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறோம், இதில் பலர் சறுக்குகிறார்கள். சக்கர இடைத்தூரம் 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் ஆக்ஸிலில் 133 கிலோ ஏறும், முன் ஆக்ஸிலில் 33 கிலோ குறையும். முன்பக்கம் லேசானால் ஏற்றத்தில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. தொட்டி, பேட்டரி இரண்டும் பின் ஆக்ஸிலுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும். மொத்த எடையை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது. ஆக்ஸில் வாரியாகக் கேட்பது இதனால்தான்.

எடையைக் குறைக்க வழி இருக்கிறது. 30 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோமின் (கெட்டியான தெர்மகோல் வகை) இருபுறமும் 2 மி.மீ. எஃப்ஆர்பி (ஃபைபர் தகடு) ஒட்டிய பலகை சதுர மீட்டருக்கு 8 கிலோ அளவில் முடிந்துவிடும். வெயிலையும் தடுக்கும், நம் கடற்காற்றில் துருவும் பிடிக்காது. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ சுமார். 55 கிலோ டியூபுலரிலிருந்து கெடாமல் எடுக்கக்கூடிய மின்சாரத்துக்கு அது குறையாது.

கேம்பர் வண்டிகளைக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. சீலிங் லைட்டைக் காட்டுகிறார்கள், மடக்கு மேசையைக் காட்டுகிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து காட்டியவர் அரிது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றி, பாடி மாற்றத்துக்கு முன்னனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது பற்றி, வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்கிறார். கோபம் எங்கோ இழுத்துப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் கரும்பும் பண்ருட்டி முந்திரியும் எடை போடாமல் கைமாறாத வட்டாரம் இது. எடைமேடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர், டீசல், சிலிண்டர் எல்லாம் நிரப்பி, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. கழித்தால் பின் ஆக்ஸில். கால் மணி நேர வேலை. இனி கட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் இந்தச் சீட்டைக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே கட்டிக் கொடுத்த வண்டிகளையும் அழைத்து ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். கேபினுக்குப் பின்னால் அந்த ஒரு சாண் இடத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு, எந்தப் பட்டறை அழைத்தாலும் காசு வாங்காமல் நாங்கள் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
கமான்பட்டை, சேசிஸ் பழுதுவேலை செய்வோர்