ஐப்பசி மழைக்கு முன் பழைய ஆவணங்களையும் ஓலைச்சுவடிகளையும் காக்க வேண்டி மனு

அனுப்புநர்:
சுவடி, பழைய ஆவணப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளோர்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: பதிவறைகளிலும் கோயில், மடங்களிலும் உள்ள பழைய பதிவேடுகள், வரைபடங்கள், சுவடிகளை மழைக்காலத்துக்கு முன் பாதுகாத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுக் கட்டடமோ குளிர்சாதன வசதியோ கேட்டு இந்த மனுவை அளிக்கவில்லை. சொல்லப்போனால், பகலில் ஓட்டி மாலையில் அணைக்கும் ஏசி இல்லாமலிருப்பதே மேல். தினமும் ஏறி இறங்கும் ஈரப்பதத்தில் ஓலையும் தாளும் விரிந்து சுருங்கி நைந்துபோகும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் சீராக இருந்தால் போதும்; 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அறைக்கு ஒரு ஈரப்பதமானியும், தினமும் இரண்டு வேளை அளவைக் குறிக்க ஒரு நோட்டும் வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணித் தண்ணீர் எந்தத் தெரு வரை ஏறியது என்பது தங்கள் நிர்வாகம் அறிந்ததே. அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள தரைத்தள அறைகளில் ஒரு பதிவேடுகூட இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் அடித்தட்டு தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்திலும், அலமாரி சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளியும் இருக்க வேண்டும். சுவரை ஒட்டிய அலமாரிக்குள் கறையான் ஏறுவது கட்டை உளுத்த பிறகுதான் கண்ணில் படும்.

கட்டுகளைச் சிவப்புத் துணியில் சுற்றும் வழக்கத்தை நிறுத்த உத்தரவிட வேண்டுகிறோம். பூச்சி அண்டாது என்பது நம்பிக்கை. நனைந்தால் சாயம் இறங்கிப் பக்கமெல்லாம் சிவப்பாவதுதான் நடப்பு. கஞ்சி போக அலசிய, சாயமில்லாத காடாத்துணி போதும். வீரவநல்லூர்ப் பக்கம் தறிகளுக்குப் பஞ்சமில்லை. குண்டூசி, ரப்பர் பேண்டு, செல்லோ டேப் மூன்றையும் அறைக்குள் விடக் கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்துக்குள் ஊறிவிடும். சூடாக்கி ஒட்டும் லேமினேஷன் அதைவிட மோசம்; பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையுமே சரி. தேவைப்பட்டால் தண்ணீர் தொட்டுப் பிரித்துவிடலாம்.

ஓலைச்சுவடிதான் எங்களுக்குப் பெருங்கவலை. காய்ந்த ஓலையை நெம்பினால் துளையருகே முறியும். ஒட்டிப்போன ஓலைக்கட்டை, ஈர ஒற்றுத்தாள் வைத்த மூடிய பெட்டியில், தண்ணீர் படாமல் சில மணி நேரம் வைத்து, மூங்கில் சீவலால் ஓரத்திலிருந்து பிரிக்க வேண்டும். நைலான் கயிறு துளையை அறுக்கும்; பருத்தி நூலே வேண்டும். இறுக்கிக் கட்டினால் விளிம்பு வெடிக்கும், தளர்ந்தால் ஓலை நெளியும். புல்தைலம் தடவுவது எழுத்தாணியால் கீறிய ஓலைகளுக்கு மட்டுமே. மையால் எழுதிய ஓலையில் பட்டால் எழுத்தே கரைந்துவிடும். அடிக்கடி தடவினாலும் தூசி ஒட்டும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, பட்டை இடித்துக் கட்டிய முடிச்சு பூச்சி வராமல் தடுக்க உதவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால். ஏற்கனவே உள்ளே புகுந்த ராமபாணப் பூச்சியை அது கொல்லாது.

நனைந்துவிட்டால் நேரம்தான் எதிரி. 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கிவிடும். வெயிலில் காயவைத்தால் தாள் முறுகும், அட்டை வளையும். ஈரப் பதிவேட்டை அட்டையைப் பிடித்துத் தூக்காமல், தட்டையான கிரேட்டில் வைத்து எடுக்க வேண்டும். நிழலில் மின்விசிறிக் காற்றில், அச்சில்லாத வெள்ளைத்தாளைப் பக்கங்களுக்கிடையே வைத்து மாற்றிக்கொண்டே உலர்த்த வேண்டும். அளவு கைமீறினால் பாலித்தீன் உறையிலிட்டு உறைநிலைக்கு அனுப்பிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்தலாம். அதற்கு மீன் பதனிடும் ஆலைகளின் உறைநிலை அறை போதும், தூத்துக்குடியில் இருக்கின்றன. வெள்ளம் வந்தபின் ஆலை தேடுவதில் பயனில்லை. முன்கூட்டியே ஓர் ஆலையுடன் எழுத்தில் ஒப்புக்கொண்டு, வண்டி, கிரேட், தாள் எங்கிருந்து வரும் என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

ஸ்கேன் செய்ய ஒப்பந்தம் விடப்பட்டால், தாளை உள்ளிழுக்கும் கருவி கூடாது, மேலிருந்து படமெடுக்கும் கருவி மட்டுமே என்ற நிபந்தனையைச் சேர்க்கவும்.

மேற்கண்டவற்றுக்கு உரிய சுற்றறிக்கை அனுப்பி, ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு பதிவறையையும் பார்வையிட ஒரு அலுவலரை நியமிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். பணியாளர்களுக்குச் செய்முறை காட்ட நாங்கள் வரத் தயார், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்.