வசனம் மட்டுமா சிரிக்க வைக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நகைச்சுவைப் படத்துக்கு வசனம்தான் உயிர் என்ற தொனியில் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் ஸ்ரீதரும் எழுத்தாளர் சித்ராலயா கோபுவும் சேர்ந்து உருவாக்கிய படம். அந்தக் காட்சியைத் தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள், முக்கால்வாசி காணாமல் போய்விடும். நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்ப, பாலையா ஏறக்குறைய ஒன்றும் பேசாமல் மிரள்கிறார். சிரிப்பு கேட்பவரின் முகத்தில் இருக்கிறது. அந்த முகத்தை எவ்வளவு நேரம் காட்டுவது என்பது இயக்குநரின் கணக்கு. (எங்கள் வீட்டில் இந்தக் காட்சி ஓடினால் தட்டில் சோறு ஆறிவிடும்.)

சரி, எழுத்து, இயக்கம், நடிப்பு மூன்றையும் ஒருவரே செய்தால்? 'புதிய வார்ப்புகள்' (1979) படத்தில் நாயகனாக நடித்த பாக்யராஜுக்குக் குரல் கொடுத்தவர் கங்கை அமரன். அப்புறம் பாக்யராஜே எழுதி, இயக்கி, நடித்த படங்களில் அவருடைய சொந்தக் குரலும் அசட்டுப் பேச்சுமே சிரிப்புக்கு மூலதனம் ஆயின. 'முந்தானை முடிச்சு' (1983) வாத்தியாரை வேறொருவருக்காக எழுதியிருந்தால் அந்த அசடு வழிதல் வந்திருக்காது. தன் உடம்புக்கும் குரலுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

படத்தொகுப்பாளரின் பங்கைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி