செல் நிற்பதையும் சொல்லிக்கொடுங்கள்: உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் பாடநூல் எழுதும், திருத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

செல் பிரிதல் பாடத்தை வருடா வருடம் நடத்தும் ஆசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். செல் வளரும் ஜி1, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் எஸ், பிரிவதற்குத் தயாராகும் ஜி2, அப்புறம் டி.என்.ஏ. பொதிந்த குரோமோசோம்கள் இரு பங்காகப் பிரியும் மைட்டாசிஸ். அதற்குள் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பாடத்தை முடித்த பிள்ளையிடம் பேசிப் பாருங்கள். செல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தானாகப் போய்க்கொண்டே இருக்கும் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும். டி.என்.ஏ. பழுதானால் செல் வழியிலேயே நிற்கும், பழுது பார்த்து முடியும்வரை பிரியாது என்ற விஷயம் பெரும்பாலான நூல்களில் ஒரு பெட்டிச் செய்தியோடு, அல்லது 'சோதனைச் சாவடி' என்று அம்புக்குறி போட்ட ஒரு படத்தோடு முடிந்துவிடுகிறது. அதை ஒழுங்காக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டி.என்.ஏ. சேதம் என்றதும் எக்ஸ் கதிரும் அணுக்கதிரும்தான் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருகின்றன. அவை எதுவுமே வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும், ஆக்சிஜனிலிருந்து உருவாகும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளுமே ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.வையும் ஒரே நாளில் பல்லாயிரம் இடங்களில் சேதப்படுத்துகின்றன. பெரும்பாலானவை உடனுக்குடன் சரியாகிவிடும். இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோவதுதான் ஆபத்து. அந்த நிலையில் செல் பிரிந்தால், குரோமோசோமின் பிடிப்பிடமான சென்ட்ரோமியர் இல்லாத துண்டை, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் பிடித்து இழுக்க முடியாது. சேய் செல்களுக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேராது. அதிலிருந்த மரபணுக்களின் கதி அவ்வளவுதான்.

இதைப் புரியவைக்க என்னிடம் இருப்பதிலேயே நல்ல கருவி 1988இல் டெட் வைனர்ட், லீலண்ட் ஹார்ட்வெல் என்ற இரு விஞ்ஞானிகள், மொட்டு விட்டுப் பெருகும் ஒரு செல் பூஞ்சையான ஈஸ்ட்டில் செய்து வெளியிட்ட சோதனைதான். கதிர்வீச்சைத் தாங்காமல் செத்துப்போகும் ஈஸ்ட் வகைகள் பல அப்போதே தெரிந்திருந்தன. அவற்றுக்கு டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் திறன் இல்லை என்று எண்ணுவதுதான் இயல்பு. இவர்கள் எக்ஸ் கதிர் பட்ட ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் செல் செல்லாகக் கவனித்தார்கள். இயல்பான ஈஸ்ட், மொட்டு பெரிதாகி, பிரியப்போகும் நிலையில் அப்படியே நின்றது. சில மணி நேரம் கழித்து மீண்டும் பிரியத் தொடங்கி முழுக் கூட்டமாக வளர்ந்தது. ராட்9 என்ற மரபணு கெட்டுப்போன ஈஸ்ட்டோ நிற்கவே இல்லை. உடைந்த குரோமோசோமோடு பிரிந்து, பிரிந்து, சில செல்கள் கொண்ட ஒரு சிறு திட்டாகி அங்கேயே செத்தது.

சோதனையின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. கதிர்கோல் இழைகள் உருவாகவிடாத ஒரு மருந்தைக் கொடுத்து, அந்த ராட்9 இல்லாத ஈஸ்ட்டைச் சில மணி நேரம் வலுக்கட்டாயமாக நிறுத்திவைத்தார்கள். பிறகு மருந்தைக் கழுவி எடுத்தார்கள். பிழைத்த செல்களின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது! பழுதுபார்க்கும் நொதிகள் அதனிடம் முதலிலிருந்தே இருந்திருக்கின்றன. அவை வேலை செய்ய அவகாசம்தான் கிடைக்கவில்லை. மருந்து அந்த அவகாசத்தைக் கொடுத்தது, வேறெதையும் கொடுக்கவில்லை. செல் சுழற்சி ஆய்வுகளுக்காக ஹார்ட்வெல் 2001இல் நோபல் பரிசு பெற்றார். பாடநூலில் இப்படி ஒரு சோதனைக்கு இடம் இல்லையென்றால் வேறு எதற்கு இருக்கிறது?

நம் செல்களில் இது எப்படி நடக்கிறது என்பதையும் பிள்ளைகள் தாங்கும் அளவுக்குச் சொல்லலாம். பி53 என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கிறது, எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதத்தின் வழியாக ஓயாமல் அழிக்கவும் செய்கிறது. குழாயும் வடிகாலும் ஒருசேரத் திறந்திருக்கும் தொட்டி மாதிரி. டி.என்.ஏ. அறுந்தால் ஏடிஎம் என்ற நொதி அதை உணர்ந்து வடிகாலை அடைத்துவிடுகிறது. பி53 மளமளவென்று சேர்ந்து, பி21 மரபணுவை இயக்குகிறது. அதிலிருந்து உருவாகும் பி21 புரதம், சைக்ளின் என்ற புரதத்தோடு சேர்ந்து செல்லை முன்னே தள்ளும் கைனேஸ் நொதிகளைப் பிடித்துக்கொள்கிறது. செல் ஜி1இலேயே நிற்கிறது. புதிதாகத் தயாரித்தால் நேரமாகும், அழிப்பதை நிறுத்தினால் உடனே கிடைக்கும். அந்த ஏற்பாட்டின் நேர்த்தியை நடத்தும்போது எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும். ஜி2இல் நிற்பதற்கு வேறு வழி உண்டு. அது பட்டப்படிப்பில் வந்தால் போதும்.

அப்புறம், புற்றுநோய். 'கட்டுப்பாடற்ற செல் பிரிதல்' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறீர்கள். செல் வேகமாக ஓடுவதுதான் நோய் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 மரபணு கெட்டுப்போயிருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாததும், அதனால் பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதும் நோயின் பெரிய பகுதி. பிறவியிலேயே ஏடிஎம் பழுதான குழந்தைகளைப் பாருங்கள். தள்ளாடும் நடை, அடிக்கடி தொற்று, கதிர்வீச்சைத் தாங்காத உடல், புற்றுநோய் வரும் ஆபத்து. அவர்களுடைய செல்கள், கதிர் பட்ட பிறகும் நிற்காமல் டி.என்.ஏ.வை நகலெடுத்துக்கொண்டே போகின்றன. ஈஸ்ட்டில் பார்த்த அதே கதை ஒரு குழந்தையின் உடலில் நடக்கிறது. இதைப் படிக்கும் மாணவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் புற்றுநோய் இருக்கும். அவருக்கு ஒரு வரி விளக்கம் போதாது.

பக்கம் இல்லை என்பீர்கள். சரி, மைட்டாசிஸ் படங்களில் ஒரு வரிசையைக் குறையுங்கள். புரோஃபேஸைத் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்றாகப் பிரித்து வரைவதால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அங்கே கிடைக்கும் ஒன்றரைப் பக்கத்தில் ஈஸ்ட் சோதனையைப் படத்தோடு போடுங்கள். பாடத்தின் இறுதியில் 'மைட்டாசிஸின் நிலைகளை விவரி' என்ற கேள்வியோடு இதையும் சேருங்கள்: ராட்9 இல்லாத ஈஸ்ட்டை மருந்தால் நிறுத்திவைத்தபோது அது ஏன் பிழைத்தது? மனப்பாடம் செய்து எழுத முடியாத கேள்வி அது. விடைத்தாளைத் திருத்தும் சிரமத்தை ஆசிரியர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்