தேன்மொழிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குடியாத்தம் அத்தை வீட்டு விஷயம் நீ சொன்னபடியேதான் முடிந்தது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். போனில் எது கேட்டாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பல்கலைக்கழக அணியில் உன் பெயர் வந்ததை மருந்துக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம் சத்துவாச்சாரியில் பளு தூக்குவது புதிதில்லை. இந்தத் தெருக்களில் வளர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். ஆனால் இங்கிருந்து ஒரு பெண் பஞ்சாப் வரை போய்ப் படித்துக்கொண்டே தூக்குகிறாள் என்றால், கேட்கிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கேட்கிறார்கள். எனக்கு அது போதும்.

போன வாரம் கடைக்கு ஒரு பையன் வந்தான். அவனும் பளு தூக்குகிறவன்தான். கையில் ஒரு பவுடர் டப்பா. "வாடா அனுமதி பெற்றது" என்று அச்சிட்டிருந்தது. வாடா என்கிற உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை எந்தச் சத்து மாவுக்கும் அனுமதி தருவதில்லை. அப்படி அச்சிட்டவன் முதல் வரியிலேயே பொய் சொல்கிறான் என்றேன். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே என்றான். அது உணவுக்கான உரிமம். உள்ளே தடை செய்த பொருள் கலந்திருக்கிறதா என்று யாரும் சோதித்ததற்கு அது சாட்சி ஆகாது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கூடப் பயிற்சி செய்கிற மூத்தவர் ஒருவராம்.

கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். சிறுநீர்ச் சோதனையில் ஏதாவது தெரிந்தால் அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை. உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. தெரியாமல் சாப்பிட்டேன் என்று நிரூபித்தால் தண்டனை குறையலாம், வாங்கிய பதக்கம் திரும்பி வராது. 2011-ல் நம் தொடர் ஓட்டப் பெண்கள் சிலர் சிக்கினார்களே, அவர்களில் மூன்று பேர் முந்தைய ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கியவர்கள். பயிற்சியாளர் தந்த ஜின்செங் மாத்திரைதான் காரணம் என்றார்கள். முதலில் ஓராண்டுத் தடை. மேல்முறையீட்டில் அது இரண்டாண்டு ஆனது. இன்றைக்கு நான்காண்டு வரை போகலாம். உன் வயதில் நான்காண்டு என்றால் படிப்பு முடிந்து, ரயில்வே, போலீஸ் விளையாட்டு ஒதுக்கீட்டு வயதும் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் சத்து மாவுக்கு எதிரி இல்லை. பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீனுக்குத் தடை இல்லை. தசை வலுவுக்குச் சாப்பிடுகிற கிரியேட்டினுக்கும் தடை இல்லை. ஆனால் அது உடம்பில் நீரைச் சேர்த்து எடையைக் கொஞ்சம் ஏற்றும், உன் எடைப் பிரிவுக்கு ஒத்துவருமா என்று முதலில் பார். வாங்குவதானால் 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' போலத் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) சோதித்த முத்திரை உள்ளதை வாங்கு. டப்பாவின் தொகுதி எண்ணை அவர்கள் இணையதளத்தில் நீயே பார்க்கலாம். விலை கூடத்தான். பணம் நான் அனுப்புகிறேன். பணத்துக்காக யாரிடமும் ஓசியில் வாங்கிச் சாப்பிடாதே.

உண்மையில் உனக்கு அது வேண்டுமா என்றே எனக்குச் சந்தேகம். உன் 58 கிலோவுக்கு நாளொன்றுக்கு 90 கிராம் புரதம் தாராளம். நான்கு முட்டை, அரை லிட்டர் பால், நூறு கிராம் பனீர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இவையே அறுபது கிராமைத் தாண்டும். மீதியைச் சப்பாத்தியும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். விடுதியில் முட்டை தருவதில்லை என்றால் சொல், வெளியே வாங்க ஏற்பாடு செய்வோம். காலை உணவைத் தவிர்க்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இருமல் வந்தால்கூட என்னைக் கேட்காமல் எதையும் குடிக்காதே. நான் தினமும் விற்கும் சில இருமல் சிரப்புகளில் டெர்பூட்டலின் இருக்கிறது, அது தடைப் பட்டியலில் உள்ளது. எடை குறைய என்று யாராவது நீர் பிரியும் மாத்திரை தந்தால் தொடாதே, ஃபுரோசமைடும் அதே பட்டியல்தான். பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் புதிதாகும், போன வருடம் சரி என்றது இந்த வருடமும் சரி என்று நினைத்து இருந்துவிடாதே. முப்பது வருடமாக மருந்துச் சீட்டு படிக்கிறவன் வீட்டில் இருக்கிறேன், ஒரு படம் எடுத்து அனுப்ப உனக்கு என்ன கஷ்டம்?

அன்றைக்கு வீடியோ அழைப்பில் உன் மேசையில் ஒரு நீல டப்பா இருந்தது. லேபிள் கிழிந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பினாய். அது என்னவென்று அன்றே கேட்டிருக்கலாம். அம்மா பக்கத்தில் இருந்தாள், உன் முகமும் சரியில்லை.

திட்ட மாட்டேன். சாப்பிட்டிருந்தாலும் திட்ட மாட்டேன். இன்றோடு நிறுத்து. ஆனால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. மீதியை மூடி, தேதி எழுதி, அப்படியே வை. நாளைக்கு ஏதாவது வந்தால் உள்ளே என்ன இருந்தது என்று சோதிக்க அந்த மீதிதான் இருக்கும். ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுக்கிறவர்கள் வந்தால், கடந்த ஏழு நாட்களில் சாப்பிட்ட எல்லாவற்றையும் படிவத்தில் எழுது. மாத்திரை, பவுடர், சிரப் எதையும் விடாதே. யார் கொடுத்தார்கள், எப்போதிலிருந்து சாப்பிடுகிறாய் என்று எனக்கு மட்டுமாவது எழுது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கேழ்வரகு மாவும் வேர்க்கடலை உருண்டையும் நாளை பார்சலில் வருகின்றன. டப்பாவின் படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும். வராவிட்டால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காட்பாடியில் ரயில் ஏறுவேன்.

அன்புடன்,
அப்பா