ஏட்டில் ஏறாத மாவும் எண்ணெயும்

அன்பு மகளுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தோனேசியாவின் மலாங்கிலிருந்து நீ அனுப்பிய ஆய்வு வரைவைக் கடையடைத்த பிறகு இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். அங்குள்ள மத்ரஸா ஆலியாக்களில், அதாவது இஸ்லாமிய மேல்நிலைப் பள்ளிகளில், தொழில்முனைவுக் கல்வி எப்படி நடக்கிறது என்பதைச் சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு என்று கல்வி மதிப்பீட்டு அறிஞர் ஸ்டஃபில்பீம் வகுத்த முறையில் பிரித்திருப்பது எனக்கே விளங்கியது. அவை சமய விவகார அமைச்சின் கீழ் வருவதையும், 2013 பாடத்திட்டத்தில் கைவினையும் தொழில்முனைவும் ஒரே பாடமானதையும் விரிவாகவே எழுதியிருக்கிறாய். விளைவுக்கோ மூன்றே பக்கம். அதிலும் தேர்வு மதிப்பெண்ணும் விற்பனை நாளில் வசூலான பணமும்தான். அங்கேதான் எனக்கு இடறியது.

சென்ற ஆண்டு இங்கே சிங்கப்பூரில் உன் தம்பி படிக்கும் மத்ரஸாவின் விற்பனை நாளில், அவனும் நண்பர்களும் உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் 120 கொண்டுபோய், ஒன்று ஒரு வெள்ளியாக 94 விற்று, "லாபம் 94 வெள்ளி" என்று அட்டையில் எழுதிவைத்தார்கள். மாவும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் தேக்காச் சந்தையில் வாங்கியவள் உன் அம்மா; சுபுஹுத் தொழுகைக்கு முன்பே, விடியாத வேளையில் எழுந்து மடித்துப் பொரித்தவளும் அவள்தான். மிஞ்சிய 26ஐ இரவில் நாங்கள் தின்று தீர்த்தோம். "போட்ட முதல் யாருடையது?" என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான்.

ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட வகுப்பில் இதே பிள்ளைகள், ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முளாரபாக் கூட்டு வியாபாரத்தைப் படிக்கிறார்கள்: லாபம் பேசியபடி பங்காகும், நட்டம் முதல் போட்டவரைச் சேரும், உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். விற்பனை நாள் கணக்கில் அந்தப் பாடத்தின் நிழல்கூட விழுவதில்லை. ஆகவே, வசூலைக் கேட்காதே; கணக்கேட்டைக் கேள். முதல் யார் கொடுத்தது, மிஞ்சிய சரக்கு எங்கே போனது, உழைப்புக்கு விலை போட்டார்களா என்று பார். ஜாவாவிலேயே கொந்தோர் போல, தம் செலவுக்காகத் தொழில்களைத் தாமே நடத்தும் பெசந்திரன்கள், அதாவது மாணவர் தங்கிப் படிக்கும் இஸ்லாமியப் பள்ளிகள், இருக்கின்றன. நட்டத்தை ஒளிக்க முடியாத அத்தகைய ஓர் இடத்தின் ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். படிப்பை முடித்து இரண்டாண்டானவர்களில் பத்துப் பேரையாவது தேடிப் பேசு. எல்லோரும் வியாபாரியாக வேண்டியதில்லை. சம்பளத்துக்குப் போனவனும் கணக்குத் தெரிந்தவனாக இருந்தால் அதையும் விளைவில் சேர்.

மாணவர்கள் செய்தது என்று நீ அனுப்பிய வாழைக்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தில் 100 கிராம் என்று அச்சாகியிருக்கிறது. நம் கடைத் தராசில் பையோடு சேர்த்து 88 கிராம்தான் வந்தது. அளவில் குறைப்பவர்களைக் கண்டிக்கும் குர்ஆனின் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை மனப்பாடமாக ஓதும் பிள்ளைகள் கட்டிய பொட்டலம் அது. பிரிக்காமல் வைத்திருக்கிறேன், தராசில் வைத்தே படமெடுத்து அனுப்புகிறேன். ஆய்வில் சேர்ப்பதா, முதலில் அந்த ஆசிரியரிடம் தனியாகக் காட்டுவதா என்பதை நீயே முடிவு செய்.

துஆவுடன்,
அத்தா